மின்னல் மாறன் முகமூடியைக் கழற்றிய ஞாயிறு

போன வாரம் தம்பி ஒரு காணொளி அனுப்பினான். ஒன்றரை நிமிடம்தான். இருட்டு, மழை, மின்கம்பிகள், ஒரு கம்பியின் மேல் இரண்டு மஞ்சள் பூட்ஸ். அதற்கு மேல் ஒன்றும் காட்டவில்லை. ஆனாலும் அந்த பூட்ஸைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மின்னல் மாறன் வருகிறான். முழுநீள அனிமேஷன் படமாக, தியேட்டரில், தமிழ் பேசிக்கொண்டு. அலுவலகத்தில் உட்கார்ந்து அதை ஏழு முறை பார்த்தேன். பக்கத்து நாற்காலிப் பெண் எட்டிப் பார்த்து, "பையனுக்கா மேடம்?" என்றாள். எனக்குத்தான் என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவள் பிறந்த வருடத்தில் நான் இந்த மாறனுக்காக மோவாயில் மூன்று தையல் போட்டுக்கொண்டவள்.

மாறன் எந்த நாட்டுக் கார்ட்டூன் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டிவியில் வருவான், தமிழில் பேசுவான், அதனால் நம்ம ஊர் ஆள்தான் என்று நினைத்திருந்தோம். அவன் ஊரில் சதா மழை பெய்யும். அவன் மின்கம்பி மேல் ஓடுவான். ஆபத்தில் இருக்கிறவர்கள் வீட்டு பல்பு மூன்று முறை விட்டு விட்டு எரிந்தால் அடுத்த நொடி அவன் ஜன்னலில் நிற்பான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு பல்பு தினமும் விட்டு விட்டுத்தான் எரியும். நானும் தம்பியும் எத்தனை நாள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு சோற்றை ஆறவிட்டிருக்கிறோம் என்பதற்குக் கணக்கே கிடையாது.

அவன் முகத்தை மட்டும் யாரும் பார்த்ததில்லை. நெற்றியிலிருந்து கழுத்துவரை முகமூடி. குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருக்கும்.

எனக்கும் எங்கள் தெருப் பையன்களுக்கும் இருந்த தகராறு இதில்தான் ஆரம்பித்தது. தெருவில் பையன்கள் ஐந்து பேர், பெண் என்று நான் ஒருத்தி. மாறன் விளையாட்டில் அவர்கள் முறை வைத்து மாறனாக இருப்பார்கள். என் முறை வரவே வராது. தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்த வேண்டும், அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. ஒரு நாள் வெறுத்துப்போய் அந்தத் தொட்டி மேலேயே ஏறி, அப்பாவின் நீலத் துண்டைத் தோளில் கட்டிக்கொண்டு குதித்தேன். மூன்று தையல். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து கேட்டேன், மாறன் முகத்தை எவன் பார்த்தான், உள்ளே இருப்பது பெண்ணாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று. அவர்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் நான் விடவில்லை. பள்ளிக்கூடம், டியூஷன், குழாயடி, எங்கே பார்த்தாலும் இதே வழக்குதான்.

ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிகிற சமயத்தில் டிவியிலேயே அறிவித்துவிட்டார்கள். வருகிற ஞாயிறு கடைசிப் பகுதி, மாறன் முகமூடியைக் கழற்றுகிறான். தெருவே கூடி ஒப்பந்தம் போட்டது. உள்ளே இருப்பது ஆண் என்றால் நான் வாயை மூடிக்கொண்டு தொட்டி ஓரம் நிற்க வேண்டும். பெண் என்றால் கோடை லீவு முழுக்க நான்தான் மாறன். நான் ஞாயிற்றுக்கிழமைக்காக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை நான் வயசுக்கு வந்துவிட்டேன்.

அம்மா அழுதாள், சிரித்தாள், யாருக்கோ போன் பண்ண ஓடினாள். மற்ற எல்லாவற்றையும் அத்தை கையில் எடுத்துக்கொண்டாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கட்டிக்கொடுத்த மூன்றாம் வருடமே மாமனார் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். அதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதுதான். அத்தைக்குச் சட்டம் ஜாஸ்தி. எந்தக் கிழமை நகம் வெட்டலாம், எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கலாம், எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு விதி இருந்தது. இப்போது எனக்காகவே ஒரு மூட்டை விதிகளை அவிழ்த்தாள். ஒன்பது நாள் தனியாக இருக்க வேண்டும். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். காலையில் உளுந்தங்களி, அதன் மேல் ஒரு குழி நல்லெண்ணெய். இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். கடைசி விதிதான் தலையில் இடி விழுந்தது போல் ஆயிற்று. ஒன்பது நாளும் எந்த ஆம்பளை முகத்தையும் பார்க்கக் கூடாது.

அப்பா கொல்லைப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். தம்பிக்கு மட்டும் விலக்கு உண்டு. அவனுக்கு ஏழு வயது, பால் பல்லே இன்னும் முழுசாக விழவில்லை, அதனால் அவன் ஆம்பளைக் கணக்கில் வரமாட்டான் என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். அவனுக்கு அது அவமானமாகப் போய் அன்று முழுக்க ஒரு பல்லைப் பிடித்து ஆட்டிக்கொண்டே திரிந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, சிதம்பரத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பெண் பிள்ளை உட்கார்ந்தால் அவள் தனியாக இருக்கப் பச்சைத் தென்னங்கீற்றில் குச்சுக் குடிசை கட்டுவது தாய்மாமன் வேலை, கீற்றும் அவர் வீட்டு மரத்திலிருந்து வர வேண்டும். எங்கள் ஊரிலும் தென்னை மரம் இருக்கிறது என்று சொன்னால் யார் கேட்பார்கள். குமராட்சிப் பக்கம் அவர்கள் கிராமத்தில் வெட்டி, மினி பஸ் கூரையில் போட்டு, சிதம்பரத்தில் இறக்கி, அங்கிருந்து கடலூர் பஸ் கண்டக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். சட்டை முழுக்கத் தென்னந்தூசி.

மாமாவும் மாறன் ஆள்தான். ரிப்பேர் பண்ணிய டிவிகளையெல்லாம் ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் போட்டுச் சோதித்துப் பார்ப்பார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பின்கட்டு வராந்தாவில் குச்சுக்குக் கம்பு நட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி பேசினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பகுதி மாமா, எனக்கு அது போதும், வேறு ஒன்றும் வேண்டாம், பாவாடை தாவணிகூட வேண்டாம் என்றேன். மாமா முடைந்துகொண்டிருந்த கீற்றைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து அத்தையிடம் போனார்.

வராந்தாவுக்கு நேராகக் கூடத்துக் கதவு. கதவைத் திறந்தால் எதிர்ச் சுவரில் டிவி. குச்சில் உட்கார்ந்தபடியே பார்க்கிற மாதிரி கீற்றில் நாலு விரல் இடைவெளி விட்டுக்கொள்கிறேன் என்பது மாமாவின் விண்ணப்பம்.

"டிவில வர்றவனும் ஆம்பளதான தம்பி" என்றாள் அத்தை.

"அது பொம்ம அண்ணி."

"பொம்மன்னா? பேசுறான், ஓடுறான். மூஞ்சி மூஞ்சிதான்."

"மூஞ்சிதான் இல்லியே. மூடி போட்டுகினு இருக்கான். மொகத்தையே பாக்காதப்ப ஆம்பள பொம்பள எங்கருந்து வந்துச்சு?"

என் வாதத்தை என்னிடமிருந்தே எடுத்து மாமா அடித்துவிட்டார். அத்தை உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, அவன் நோட்டு அட்டையில் ஒட்டியிருந்த மாறன் படத்தைக் கொண்டுவரச் சொல்லி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் திருப்பிப் பார்த்தாள். கண்ணுக்கு ஓட்டைகூட இல்லை, இரண்டு மஞ்சள் கோடுதான். "எப்பியும் இப்பிடியே இருப்பானா?" என்று கேட்டாள். மாமா வாயைத் திறப்பதற்குள் நான் பாதி கட்டிய குச்சுக்குள்ளிருந்து கத்தினேன்: "எப்பியும் இப்பிடித்தான் அத்த. கழட்டவே மாட்டான்."

மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாமா பெரிய மனுஷர் என்பதால் இருமினார். நான் பெரிய மனுஷி ஆகி ஒரு நாள்தான் ஆகியிருந்தது, எனக்கு அந்த இருமல்கூட வரவில்லை. அத்தை ஒப்புக்கொண்டாள். நாலு விரல் இடைவெளி இரண்டு விரலாகக் குறைந்தது, அவ்வளவுதான். மாமா அன்று சாயங்காலமே சிதம்பரம் திரும்பிவிட்டார்.

ஞாயிறு விடிந்தது. அத்தை என்னைக் குளிக்கவைத்து, களி ஊட்டி, காத்துக் கருப்பு அண்டாமல் குச்சு வாசலில் குறுக்கே போட்டிருந்த உலக்கையை நேராக்கிவிட்டு, கூடத்து வாசற்படியில் அரிவாள்மணையோடு அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். காவல் என்று சொல்லவில்லை, அவரைக்காய் என்றுதான் சொன்னாள். தம்பி டிவிக்கு ஒரு முழத்தில். நான் கீற்றில் கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணால்.

அன்றைக்கு மாறன் ஓடிய ஓட்டத்தை நான் எங்கே போய்ச் சொல்வது. ஊரில் உள்ள மின்சாரம் முழுக்கப் போய்விட்டது, ஓடக் கம்பி கிடையாது, பூட்ஸையும் தொலைத்துவிட்டு வெறும் காலோடு சேற்றில் ஓடுகிறான். அத்தை அவரைக்காயை விட்டுவிட்டாள். விளம்பரம் வந்தபோது, "பாவம், செருப்புகூட இல்லாம" என்றாள். எனக்கு அவள் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. மாறனைப் பாவம் என்று சொன்ன பெரியவர்கள் எங்கள் வீட்டில் வேறு யாரும் இல்லை.

கடைசியில் அவன் பிழைத்தான். ஊர் பிழைத்தது. மழை நின்றது. ஊர்ச் சனங்கள் எல்லாம் சுற்றி நிற்க அவன் கையை மெதுவாகத் தூக்கினான்.

தம்பி எழுந்து குதித்தான். "கழட்டப் போறான், முகமூடியக் கழட்டப் போறான், அக்கா பாரு, அக்கா பாரு."

அரிவாள்மணை சாய்கிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி என் இரண்டு விரல் இடைவெளி முழுக்க அத்தையின் புடவை. கதவு நிலையில் இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை, டிவிக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் இடப்பக்கம் சாய்ந்தேன். அவளும் சாய்ந்தாள். குனிந்தேன், அவளும் கீற்றருகே முகம் வரக் குனிந்து முந்தானையை விரித்துப் பிடித்தாள். பின்னால் டிவியில் ஊர்ச் சனங்கள் ஆவென்று வாயைப் பிளக்கிற சத்தம். இசை ஏறுகிறது. தம்பி, "ஐயோ" என்கிறான்.

"தள்ளு அத்த."

"வேணாம்டி."

"தள்ளேன் அத்த, ஒரே ஒரு நிமிஷம்."

"வேணாம்டி. சொன்னா கேளு. வேணாம்."

இதற்குப் பிறகு நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவைத்திருந்த ஒன்றை, அதற்கு என்ன அர்த்தம் என்றே தெரியாமல், கையில் கிடைத்த கல்லாக எடுத்து வீசினேன். "இப்பிடி இருக்கிறதாலதான் உன்ன அவுங்க வீட்ல தொரத்திட்டாங்க."

அத்தை நகரவில்லை. முடிவு இசை ஓய்ந்து, சோப்பு விளம்பரம் ஆரம்பித்து, அதுவும் முடிகிறவரை அப்படியே நின்றாள். பிறகு குனிந்து, தரையில் சிதறியிருந்த அவரைக்காயைப் பொறுக்கினாள்.

தம்பியிடம் கேட்டேன். "ஆம்பளதான். மீச இருந்துச்சு" என்றான். மூக்கு எப்படி, கண் எப்படி என்று துருவினால், "நம்ம பால்காரரு மாதிரி" என்றான். சாயங்காலம் தெருப் பையன்கள் ஐவரும் சந்தில் நின்று ஊளையிட்டது குச்சுக்குள் கேட்டது. வழக்கில் நான் தோற்றுப்போனேன். ஜெயித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, ஏனென்றால் அதற்கப்புறம் யாரும் என்னைத் தெருவில் விளையாட விடவில்லை. தொட்டி ஓரம் நிற்கிற வேலைகூட எனக்கு இல்லாமல் போயிற்று.

மீதி நாள் முழுக்க நான் அத்தையோடு பேசவில்லை. களியைக் கொடுத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அவள் வழக்கம்போலத் தலைக்குச் சாம்பிராணி போட்டாள், பாயை உதறினாள், ராத்திரி குச்சுக்கு வெளியே வெறும் தரையில் படுத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் சடங்கு. மாமா சீர்த்தட்டோடு வந்தார், பெண்கள் என்னை மணையில் உட்காரவைத்துப் புட்டு சுற்றினார்கள், மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கூட்டத்தில் அத்தை மட்டும் இல்லை. சமையல்கட்டில் புகைக்குள் நின்று வடை சுட்டுக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். நன்றாக வேண்டும் என்றும் நினைத்தேன். புருஷன் இல்லாதவள் அந்த மணைக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்பது, அவளே மனப்பாடமாக வைத்திருந்த விதிகளில் இன்னொன்று என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

மீதிக் கதையை அம்மா சொல்லித்தான் கேட்டேன், என் பையன் வயிற்றில் இருந்தபோது. அத்தை பதின்மூன்று வயதில் குச்சில் உட்கார்ந்திருந்த சமயம் மாசி மகம். தேவனாம்பட்டினம் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போகிற சாமிகள் வரிசையாகத் தெருவழியே போயிருக்கின்றன. மேளச் சத்தம் கேட்டால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்? கீற்றை விலக்கி எட்டிப் பார்த்திருக்கிறாள். சாமியைத்தான் பார்த்தாள். ஆனால் சாமியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் ஆண்கள். தெருவில் யாரோ அதைப் பார்த்துவிட்டார்கள்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் அவள் புருஷன் பண்ருட்டிக்குப் பலா ஏற்றப் போன லாரி கவிழ்ந்து செத்துப்போனார். எழவு வீட்டிலேயே பேச்சு எழும்பியிருக்கிறது, குச்சில் இருந்தபோதே கண்ட ஆம்பளை முகத்தைப் பார்த்தவள், அந்தத் தோஷம்தான் இவனைக் கொண்டுபோய்விட்டது என்று. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். "மத்தவங்க சொன்னதுகூடப் பரவால்லடி" என்றாள் அம்மா. "அண்ணி அத நம்பிட்டாங்க. இன்னிக்கி வரைக்கும் நம்புறாங்க."

நான் எறிந்த கல் எங்கே போய் விழுந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று நான் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு, மாசமான பெண் இப்படி அழக்கூடாது என்று அம்மா பயந்துபோனாள்.

மாறன் முகத்தை இன்றுவரை நான் பார்க்கவில்லை. இப்போது தேடினால் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும், தம்பியே நாலு தடவை அனுப்பப் பார்த்தான். அனுப்பினால் பேச்சை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வீம்புதான், இருக்கட்டும். நேற்று கடலூருக்குப் போன் போட்டு அத்தையைக் கூப்பிடச் சொன்னேன். எழுபது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். மாறன் படம் வருகிறது, டிக்கெட் எடுக்கிறேன், நீயும் வா என்று கத்தினேன். அவளுக்கு நினைவிருந்தது.

"செருப்பு இல்லாம ஓடுனானே, அவனா?"

"அவனேதான் அத்த. வர்றியா?"

"அன்னிக்கி ஒனக்கு ஆச காட்டிட்டுக் கெடுத்துட்டேன்" என்றாள். "நீ நல்லா இருக்கல்ல?"

நன்றாக இருக்கிறேன் என்றேன். புருஷன், பிள்ளை, வேலை எல்லாமே நன்றாக இருக்கிறது அத்தை என்றேன். "அது போதும்" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. டிக்கெட் அவளுக்கும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறேன்.

ஊரே மாறன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்தது அத்தையின் முகம்தான். கீற்று இடைவெளியில், ஒரு சாண் தூரத்தில், அத்தனை கிட்டத்தில் அதற்கு முன் நான் அதைப் பார்த்ததில்லை. உதடு கோணியிருந்தது, கண் சிவந்திருந்தது. எவ்வளவு கோபம் பார் இந்தப் பொம்பளைக்கு என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரிந்த பயமெல்லாம் வாத்தியார், இருட்டு, நாய். இன்னொருவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தால் பெரியவர்கள் முகம் அப்படித்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது.